ரத்தம் கொடுத்தால் போதுமா, ஊசி வேண்டாமா?

குடியாத்தம் வாசகியின் கேள்வி: வயது 33, கர்ப்பம் 13 வாரம். டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோமுக்கு 180-ல் 1 என்று வந்திருக்கிறது. பனிக்குடத்தில் ஊசி போட்டால் கரு கலைந்துவிடும் என்கிறார்கள். வீட்டுக்கே வந்த லேப் ஆள், 20,000 ரூபாய்க்கு ரத்தம் எடுத்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார். நம்பலாமா? கணவர் என் தாய்மாமன்.

அவர் சொல்வது என்ஐபிடி என்ற ரத்தப் பரிசோதனை. பரிசோதனையை நம்பலாம் அம்மா, அந்த ஆளை நம்பாதீர்கள். இதே முடிவு வந்த 180 பேரில் 179 பேரின் குழந்தைக்கு டவுன் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் கோளாறு) இருக்காது. இந்த ஒரு வரியைக்கூடச் சொல்லாமல் சீட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறார்களே!

தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ துணுக்குகள் மிதப்பதை 1997-ல் டென்னிஸ் லோ குழுவினர் கண்டறிந்தார்கள். அவை பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியில் கோளாறு இருந்தும் குழந்தை நன்றாக இருப்பதுண்டு. டவுன் உள்ள 100 கருவில் 99-ஐ இந்த ரத்தப் பரிசோதனை பிடித்துவிடும் என்றாலும், பாசிட்டிவ் வந்தால் 16 வாரத்தில் பனிக்குட நீர் எடுத்து உறுதி செய்தே ஆக வேண்டும். அதற்கு முன் கலைப்பு என்ற பேச்சே கூடாது. பழகிய கையில் ஊசியால் கரு கலைவது 200-ல் ஒன்றுக்கும் குறைவு. நெகட்டிவ் வந்தால் பொதுவாக ஊசி வேண்டியதில்லை. ஆனால் என்டி ஸ்கேனில் கருவின் கழுத்து நீர் 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பணத்தை வீணாக்காமல் நேரே ஊசிக்கே போங்கள்.

அந்த ஆள் ‘ஆணா பெண்ணா என்றும் சொல்கிறோம், சித்தூர் பக்கம் போனால் தெரிந்துவிடும்’ என்று ஆரம்பித்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், ஆந்திராவிலும் அதே சட்டம்தான். கமிஷனுக்கு அலைகிறவர்கள் உங்கள் பயத்தைத்தான் விற்கிறார்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது நீங்கள் கடைசியில் எழுதியது: தாய்மாமன். இந்த ரத்தப் பரிசோதனை குரோமோசோம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்றுதான் எண்ணுகிறது. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு பயம் வேறு. ஒரே பழுதான மரபணு இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4-ல் 1 வாய்ப்பு: தலசீமியா எனும் பரம்பரை ரத்தச்சோகை, பிறவிச் செவிடு, எஸ்எம்ஏ தசை நோய். ‘எல்லாம் நார்மல்’ என்று வரும் அறிக்கை இவற்றைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது. இரு வீட்டிலும் சின்ன வயதில் இறந்த பிள்ளைகள், காது கேளாதவர்கள் உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். தலசீமியாவுக்கான ஹெச்பிஎல்சி ரத்தப் பரிசோதனையை இருவருமே செய்துகொள்ளுங்கள்.

வேலூர் சிஎம்சியில் மரபணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே கணவரையும் அழைத்துப் போங்கள். டபுள் மார்க்கர் சீட்டும் என்டி ஸ்கேன் அறிக்கையும் கையில் இருக்கட்டும்.