ஒரே வீடு, ஒரே பானை: சீனி வருத்தக் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் பல வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டுக்காரருக்கும் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இந்தக் கிழமை வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் தருகிறேன். குளிசையைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது கிளினிக் டொக்டரின் வேலை.

பரந்தன்: அக்கா, என் கணவருக்கு 46 வயது. வெறுவயிற்றில் சீனி 180 காட்டியது. சோற்றை விடச் சொல்கிறார்கள். வயல்காரர் சோற்றை விடுவாரா?

விடவேண்டாம் பிள்ளை, குறைத்தால் போதும். எங்களில் பலருடைய கோப்பையில் சோறு மலை மாதிரி இருக்கும், கறி ஊறுகாய் மாதிரி ஓரத்தில் கிடக்கும். அதைத் திருப்பிப் போடுங்கள். பாதிக் கோப்பை கீரை, பயிற்றங்காய், வாழைப்பொத்தி. கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு. மிச்சக் கால் பங்குதான் சோறு. மரவள்ளியோ உருளைக்கிழங்கோ வைத்தால் அதுவும் சோற்றின் பங்கில்தான் சேரும். குத்தரிசி நல்லதுதான், ஆனால் மூன்று அகப்பை போட்டால் அதுவும் மூன்று அகப்பைச் சோறுதான்.

புட்டையும் விடவேண்டியதில்லை. முருங்கையிலையை உருவி மாவோடு தாராளமாகக் கலந்து அவியுங்கள். தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் குறையுங்கள், பக்கத்தில் மீன்குழம்பு இருக்கட்டும். ஒரு குழல் புட்டில் பாதி இலையாக இருந்தால் மா தானாகவே குறைந்துவிடும். அவருக்கென்று தனிச்சட்டி மட்டும் வைக்காதீர்கள். தனிச்சட்டிச் சாப்பாடு தண்டனை மாதிரி. ஒரு மாதம் தாண்டாது.

மாங்குளம்: குரக்கனும் பனங்கட்டியும் எவ்வளவும் சாப்பிடலாமாமே?

இல்லை. 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 70 கிராம் மாப்பொருள் இருக்கிறது. நார்ச்சத்து கூட என்பதால் வெள்ளை மாவை விட நல்லது, அவ்வளவுதான். பனங்கட்டியும் சீனிதான், நிறம்தான் வேறு.

புதுக்குடியிருப்பு: மனைவி சீனிப் போத்தலை ஒளித்து வைக்கிறா. கடைக்குப் போய் வந்தால் என் வாயை மணந்து பார்க்கிறா. தினமும் சண்டை.

தம்பி, உங்கள் மனைவி செய்வதை நானும் செய்தவள்தான். எங்கள் வீட்டில் மூன்று மாதம் நான் பொலிஸ், அவர் கள்ளன். வெறுந்தேத்தண்ணியை முகம் சுளித்துக் குடித்துவிட்டுச் சந்திக் கடைக்குப் போய் இரண்டு வடையும் பால்தேத்தண்ணியும் எடுப்பார். ஒருநாள் சேர்ட் தோய்க்கும்போது பொக்கெற்றில் எண்ணெய் ஊறிய கடதாசித் துண்டு கிடந்தது. அன்றைக்குத்தான் யோசித்தேன்: இத்தனை வருடம் நோயாளிகளுக்குச் சொன்னதை வீட்டில் ஏன் அதட்டலாக்கினேன்?

அதன்பின் “என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்பதை விட்டேன். நானும் சீனியில்லாமல் குடிக்கத் தொடங்கினேன். முதலில் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, பிறகு ஒன்றாக்கி, ஏழெட்டுக் கிழமையில் நாக்குப் பழகிவிட்டது. சோற்றுப்பானையை மேசையில் வைக்காமல் குசினியிலேயே விட்டேன். இரண்டாம் தரம் வேண்டுமென்றால் எழும்பிப் போகவேண்டும். பெரும்பாலும் எழும்பமாட்டார். இப்போதும் கிழமையில் ஒருநாள் வடை உண்டு, எனக்கு முன்னாலேயே சாப்பிடுவார். மனைவிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். கிளினிக்குக்கும் இருவருமாகப் போங்கள்.

நெடுங்கேணி: பின்னேரம் நடக்கச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் பொழுதுபட்டால் யானை.

யானையோடு நடக்க வேண்டாம்! மூன்று நேரச் சாப்பாட்டுக்குப் பிறகும் வளவுக்குள் பத்துப் பத்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். சாப்பிட்டபின் நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்ளும். தனியாகச் சுற்றினால் பைத்தியம் மாதிரி இருக்கும், கணவரையும் கூப்பிடுங்கள்.

வவுனியா: நிறை குறைந்தால் வருத்தம் போய்விடுமா?

சிலருக்கு மருந்தில்லாமலே சீனி சாதாரண அளவுக்கு வரும். பிரித்தானியாவில் நடந்த டைரெக்ட் ஆய்வின் முதல் முடிவு 2017இல் வெளிவந்தது. ஆறு வருடத்துக்குள் வருத்தம் கண்டுபிடிக்கப்பட்ட, இன்சுலின் போடாதவர்களைத்தான் சேர்த்தார்கள். கண்காணிப்போடு நிறையைக் குறைத்தவர்களில் ஒரு வருடத்தில் 46 வீதமானோருக்கு அந்த நிலை கிடைத்தது. இரண்டாம் வருடம் 36 வீதம். நிறை திரும்பினால் சீனியும் திரும்பும். அவ்வளவு குறைக்க முடியாதவர்கள் 80 கிலோவில் நான்கைந்து கிலோ குறைத்தாலும் பலன் தெரியும். பட்டினி கிடந்து குறைக்காதீர்கள்.

பூநகரி: கணவர் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். சீனியைக் குறைக்கிற கிளிக்ளசைட் குளிசை போடுகிறார். பயமாக இருக்கிறது.

பயப்படத்தான் வேண்டும் அம்மா. அந்தக் குளிசையைப் போட்டுவிட்டு வெறுவயிற்றில் இருந்தால் சீனி கீழே விழும். விரதத்துக்கு முன்பே டொக்டரிடம் சொல்லுங்கள். வியர்வை, கைநடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் கண்டாலோ, மெசினில் 70க்குக் கீழே காட்டினாலோ விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள், ஏறியதும் சாப்பிட வையுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் அம்புலன்சுக்கு, 1990க்கு அடியுங்கள். அப்புறம், நீங்களும் சீனிப் போத்தலை ஒளித்து வைக்கிறவர் என்றால், அது எங்கே இருக்கிறதென்று அவருக்கும் பிள்ளைகளுக்கும் இன்றைக்கே காட்டிவிடுங்கள்.