அவர் பேசட்டும், நீங்கள் காய் நறுக்குங்கள்

வாசகர் கேள்விகளுக்கு இந்த மாதமும் பதில் சொல்கிறார், தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் ஈசூன் அக்கா.

அக்கா, என் மனைவி தவறி ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். மகள் வற்புறுத்தியதால் குடும்பச் சேவை நிலையத்தில் துணையை இழந்தவர்களுக்காக நடக்கும் குழுவுக்குப் போனேன். வட்டமாக நாற்காலி, சட்டையில் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர். என் முறை வந்ததும் "பாஸ்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் வீட்டு விஷயத்தைப் பேசி என்ன ஆகப்போகிறது? திரும்பப் போகத்தான் வேண்டுமா?
வாசகர், அங் மோ கியோ

அண்ணே, "பாஸ்" சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த மாதிரிக் குழுக்களில் பேச மனமில்லாதவரை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அங்கே பேசியது அந்த அறையோடு சரி, வெளியே வந்து கதைக்கக் கூடாது என்பதும் வழக்கம். நம் ஆட்கள் கூடும் இடங்களில் இதை எங்கே எதிர்பார்க்க முடியும், சொல்லுங்கள்! துக்கம் விசாரிக்க வந்தவர் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் விஷயம் ஜூரோங் வரைக்கும் போயிருக்கும். முன்பின் தெரியாதவர்கள் என்பது ஒரு வசதி என்றுதான் நான் சொல்வேன்.

அதனால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். 1953ல் லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார், உயிரை விடலாம் என்று நினைப்பவர்கள் தன்னிடம் பேசலாம் என்று அறிவித்துவிட்டு, தேவாலயத்தில் ஒரு தொலைபேசியோடு உட்கார்ந்தார். நேரிலும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காத்திருப்பவர்களுக்கு டீ, காப்பி கொடுக்கச் சிலர் உதவிக்கு வந்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் படிக்காத சாதாரண ஜனங்கள். கொஞ்ச நாளில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். டீயைக் குடித்தபடி இவர்களிடம் மனசுவிட்டுப் பேசியவர்கள் பலர், தன்னைப் பார்க்காமலேயே எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள்! அடுத்த வருடமே, கேட்கும் வேலையை அந்த டீ கொடுத்தவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு பிறந்த கதை இதுதான். நம் ஊரில் 1969ல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரும் அந்த வழியில் வந்ததே.

இருந்தாலும் உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆண்களை எதிரே உட்காரவைத்து "சொல்லுங்க, எப்படி உணர்றீங்க?" என்றால் வாய் பூட்டிக்கொள்ளும். வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். சர்க்கரை வியாதி, இடது காலில் இரண்டு விரல் எடுத்தாகிவிட்டது. ஆலோசகர் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒரு மத்தியானம் நான் அவருடைய வலது காலை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கரை வியாதிக்காரர் கால் என்றால் ஓரத்தில் ஆழமாகப் போகாமல் நேராக, மெதுவாக வெட்ட வேண்டும், நேரம் பிடிக்கும். சுண்டுவிரலுக்கு வந்தபோது, "என் சம்சாரம்தான் வெட்டிவிடும்" என்றார். நான் நிமிரவில்லை. ம் கொட்டினேன். பெருவிரல் வரைக்கும் நாற்பது வருடக் குடித்தனத்தைச் சொல்லி முடித்தார். நான் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது.

அதனால் குழுவுக்கு இன்னும் இரண்டு மூன்று தடவை போங்கள், பேசுவதற்காக இல்லை, மற்றவர் பேசுவதைக் கேட்பதற்காக. உங்களுக்கு நடந்ததை இன்னொருவர் வாயால் கேட்கும்போது கொஞ்சம் மூச்சு விட முடியும். அதோடு கைக்கு ஒரு வேலையும் தேடிக்கொள்ளுங்கள். கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்க எப்போதும் ஆள் தேவை. சீக்கியர் கோயிலில் எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு போடும் லங்கர் சமையலறைக்குள் நீங்கள் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. உருளைக்கிழங்கையும் கத்தியையும் கொடுத்து உட்காரச் சொல்லிவிடுவார்கள். நீங்களோ ஊரையே ஓட்டிக் காட்டியவர். நடக்கச் சிரமப்படும் முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் அழைத்துவரத் தொண்டூழியர் தேடுகிறார்கள், அதையும் விசாரியுங்கள். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தன் வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவார், நீங்களும் பேசுவீர்கள், இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மட்டும் இதையெல்லாம் நம்பி இருக்காமல் பலதுறை மருந்தகத்தில் டாக்டரைப் பாருங்கள்.

தோ பாயோவில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியை வாராவாரம் பார்க்கப் போகிறேன். எனக்கு வயது 24. "மகன் வரவே மாட்டேங்கிறான்" என்று அழுகிறார். போன் பண்ணிப் பாருங்க, வீடியோ கால் கற்றுத் தருகிறேன், கவலைப்படாதீங்க என்று என்னென்னவோ சொல்கிறேன். பாட்டி டிவியைப் போட்டுவிடுகிறார். என்ன பேசினால் சரியாக இருக்கும்?
தொண்டூழியர், பீஷான்

அம்மாடி, உன் கடிதத்தில் பாட்டி பேசியது ஒரே வரி. மிச்சமெல்லாம் நீ பேசியது. பாட்டிக்குப் போன் பண்ணத் தெரியாதா என்ன? பண்ணிப் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் சொல்கிறார். நாம் தீர்வு சொல்லும்போது எதிராளிக்குக் காதில் விழுவது, "சீக்கிரம் முடிங்க" என்பதுதான்.

"மகன் வர மாட்டேங்கிறான்" என்றால், "சின்னதுல எப்படி பாட்டி இருப்பான்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. நடுவில் மௌனம் வரும். அதை நிரப்ப அவசரப்படாதே. பாட்டியே நிரப்புவார். அவர் சொன்னதில் ஒன்றை அடுத்த வாரம் ஞாபகமாகக் கேள்: "அந்த சைக்கிள் என்ன ஆச்சு பாட்டி?" உன் வயதுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் வேண்டாம்.

இதே வேலையைப் பாட்டிமார்கள் செய்யும் ஊர் ஒன்று இருக்கிறது, தெரியுமா? ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவரின் நோயாளி ஒரு பெண், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசு இல்லாததால் வராமலே போய், கடைசியில் உயிரை விட்டார். அந்த மனுஷனால் தாங்க முடியவில்லை. 2006ல் ஹராரே நகரத்தில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மருந்தகத்துக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்காரவைத்தார். மனசு சரியில்லாதவர் வந்து பக்கத்தில் உட்கார வேண்டியது, பாட்டி கேட்க வேண்டியது, தொல்லைகளில் எதை முதலில் கையிலெடுக்கலாம் என்பதை வந்தவர் வாயாலேயே வரவழைக்க வேண்டியது. 2016ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் நீடித்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் ஏழில் ஒருவருக்குத்தான். அதற்குப் பிறகு, பெஞ்சுக்கு வந்து பேசியவர்களே குழுவாகக் கூடி, பழைய பிளாஸ்டிக்கை வெட்டிப் பைகள் பின்னுகிறார்கள். பின்னிக்கொண்டே பேச்சு. பை விற்ற காசும் கைக்கு வரும்.

உன் பாட்டிக்கும் கொடுப்பதற்கு ஏதாவது இருக்கும். வாங்கிக்கொண்டே இருப்பது மனுஷரைச் சுருக்கிவிடும். பாட்டி வைக்கும் ரசத்தைக் கற்றுக்கொடுக்கச் சொல். நீ சொதப்பினால் திட்டட்டும்.

கோயிலில் அன்னதானம் பரிமாறும்போது சிலர் கரண்டியை விடப் போனைத்தான் அதிக நேரம் பிடித்திருக்கிறார்கள். இதெல்லாம் தொண்டா?
கோபக்காரர், சிராங்கூன்

சாம்பார் சூடாக இலைக்கு வந்ததா இல்லையா? வந்தது என்றால் விட்டுத்தள்ளுங்கள். சாப்பிடுகிறவர் முகத்தைப் படம் எடுத்தால் மட்டும் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

என் மகனுக்கு ஸ்கிசோஃபிரினியா என்கிற மனச்சிதைவு நோய். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். நான்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறேன். சொந்தக்காரர்கள் கயிறு கட்டச் சொல்கிறார்கள்.
ஒரு தாய், உட்லண்ட்ஸ்

கயிறு கட்டுவது உங்கள் இஷ்டம், மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது. உங்களுக்கு வேண்டியது உங்களைப் போல இன்னொரு தாய். 2011ல் தொடங்கிய கேர்கிவர்ஸ் அலையன்ஸ், மனநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கென்றே இலவசமாகப் பயிற்சி நடத்துகிறது. அங்கே வருகிறவர்களும் இதே வழியில் நடப்பவர்கள். இரவு மூன்று மணிக்கு மகன் ஹாலில் நடப்பதைப் பற்றி நீங்கள் விளக்க வேண்டியதே இருக்காது, அவர்களுக்குத் தெரியும். சொந்தக்காரர்களுக்கு விளக்கம் கொடுக்கும் வேலையை இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

என் ரூம்மேட்டுக்கு வேலையிடத்தில் முதுகில் அடி. இழப்பீடு இன்னும் வரவில்லை, வேலையும் இல்லை. ஊரில் கடன். "நான் இல்லாம இருந்தா வீட்டுக்கு நல்லது" என்று அடிக்கடி சொல்கிறான். நான் ஜோக் அடித்துப் பேச்சை மாற்றுகிறேன். வேறு என்ன செய்வது?
கட்டுமான ஊழியர், துவாஸ்

தம்பி, நல்லவேளை எழுதினாய். இனிமேல் பேச்சை மாற்றாதே. நேராகவே கேள்: "சாகணும்னு நினைக்கிறியா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படாதே, அப்படி ஆவதில்லை. யாராவது கேட்டார்களே என்று பலருக்குப் பாரம் இறங்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதே, டார்மிட்டரியில் பொறுப்பானவர் ஒருவரையும் சேர்த்துக்கொள். உடனே ஆபத்து என்று பட்டால் ஆம்புலன்ஸுக்கு 995. போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்று அவன் பயந்தால், தற்கொலைக்கு முயல்வது 2020 முதல் இங்கே குற்றமில்லை என்பதையும் சொல்.

இழப்பீட்டு விஷயத்துக்கு லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போ. வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில், அடிபட்டும் சம்பளம் வராமலும் காத்திருக்கும் ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. சாப்பிட வருகிறவர்களிடம் தொண்டூழியர்கள் வழக்கு விவரத்தையும் கேட்டுக்கொள்வார்கள். உடம்புக்கும் மனசுக்கும் ஹெல்த்சர்வ் இருக்கிறது, 2006 முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே நடக்கிறது. முகவரியைக் கொடுத்து அனுப்பிவிடாதே, முதல் தடவை நீயும் கூடப் போ.

ராத்திரியில் நிலைமை மோசமானால் சமாரிட்டன்ஸ் எண் 1767, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் நன்றாகப் பேசுகிற ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொள். அவன் பேச மாட்டேன் என்றால் நீயே கூப்பிட்டு, நண்பன் இப்படிச் சொல்கிறான், நான் என்ன செய்ய என்று கேள். இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, இந்தப் பதிலை நீ கொடுத்த எண்ணுக்கு முன்பே அனுப்பிவிட்டேன்.