சிசில் வம்சாவளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் முதன்மை ஆலோசகரான பர்லி பிரபு வில்லியம் சிசிலின் மூத்த மகன் தாமஸ்தானே? பிறகு ஏன் இளையவர் ராபர்ட்டின் சால்ஸ்பரி கிளையை முதலில் எழுதுகிறார்கள்?

வில்லியமுக்கு இரண்டு தாரம். மூத்த தாரம் மேரி சீக் பெற்றது தாமஸ் (1542). இளைய தாரம் மில்ட்ரெட் குக் பெற்றது ராபர்ட் (1563). 1598-ல் தந்தை இறந்ததும் பர்லி பட்டமும் ஸ்டாம்ஃபர்டு அருகிலுள்ள பர்லி மாளிகையும் மூத்தவருக்குப் போயின. அதிகாரம் இளையவர் கையில் இருந்தது. 1596-லேயே அவர் அரசுச் செயலர். 1605 மே 4 அன்று மன்னர் முதலாம் ஜேம்ஸ் அண்ணன் தம்பி இருவரையுமே ஏர்ல் (ஒரு பிரபுப் பட்டம்) ஆக்கினார். காலையில் ராபர்ட் சால்ஸ்பரி ஏர்ல், அதன் பிறகே தாமஸ் எக்ஸிட்டர் ஏர்ல். ஒரே தரத்துப் பட்டங்களில் எது முன்னால் வழங்கப்பட்டதோ அதற்கே முதலிடம். வயது அங்கே செல்லாது. ஏர்லுக்கு மேலான மார்க்கிஸ் பட்டமும் சால்ஸ்பரிக்கு 1789-ல், எக்ஸிட்டருக்கு 1801-ல்தான்.

குறிப்பு எடுக்கும்போது இரண்டு கிளைக்கும் தனித்தனித் தாள் வையுங்கள். ஒரே தாளில் எழுதினால் வில்லியம், ராபர்ட், ஜேம்ஸ் என்று திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் கட்டாயம் குழப்பும்.

கேள்வி: மூன்று முறை பிரிட்டிஷ் பிரதமரான சால்ஸ்பரியை ஓரிடத்தில் 3-ஆம் மார்க்கிஸ் என்றும் இன்னோரிடத்தில் 9-ஆம் ஏர்ல் என்றும் பார்த்தேன். எது சரி?

இரண்டும் சரி. 7-ஆம் ஏர்ல்தான் 1-ஆம் மார்க்கிஸ் ஆனார். ஆகவே மார்க்கிஸ் எண்ணோடு 6-ஐக் கூட்டினால் ஏர்ல் எண் கிடைக்கும்.

பெரிய சிக்கல் இவருடைய பெயரில்தான். 1853-ல் ஸ்டாம்ஃபர்டு தொகுதியிலிருந்து மக்கள் சபைக்கு வந்தபோது லார்ட் ராபர்ட் சிசில். 1865-ல் அண்ணன் இறந்ததும் விஸ்கவுன்ட் கிரான்போர்ன். இவை மார்க்கிஸின் மகனுக்கு மரியாதைக்காக வழங்கும் பெயர்கள் மட்டுமே. அதனால்தான் ‘லார்ட்’ என்று அழைக்கப்பட்டும் மக்கள் சபையில் உட்கார முடிந்தது. 1868-ல் தந்தை இறந்த பிறகே சால்ஸ்பரி, பிரபுக்கள் சபை. நாடாளுமன்ற விவாதப் பதிவுகளில் ‘சால்ஸ்பரி’ என்று மட்டும் தேடினால் அவருடைய முதல் 15 ஆண்டுப் பேச்சுகள் கைக்கு வராது. முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகு அந்த ஆண்டுக்குரிய பெயரில் தேடுங்கள்.

கேள்வி: அவருக்குப் பின் 1902-ல் பிரதமரான பால்ஃபர் என்ன உறவு?

சொந்த மருமகன். பால்ஃபரின் தாய் பிளான்ச், சால்ஸ்பரியின் உடன்பிறந்த அக்கா. ஆண்வழிக் கொடியை மட்டும் வரைகிறவர்கள் இந்த உறவைத் தவறவிடுவார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பெண்கள் எங்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: முதலாம் எலிசபெத் இறந்தது 1602 என்று பழைய ஆவணத்தில் இருக்கிறது. எழுத்துப் பிழையா?

பிழையல்ல. அன்று இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ராணி இறந்தது மார்ச் 24, அவர்கள் கணக்கில் 1602-ன் கடைசி நாள். 1752-க்கு முந்தைய ஆவணத்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதி வந்தால் ‘1602/3’ என்று இரண்டு ஆண்டையும் குறியுங்கள். இல்லாவிட்டால் ஒரு மரணமோ பதவியேற்போ ஓராண்டு முன்னே நகர்ந்துவிடும்.

கேள்வி: சென்னை மாகாணப் பஞ்சத்தோடு பிரதமர் சால்ஸ்பரிக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. 1874 முதல் 1878 ஏப்ரல் வரை லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர் இவரே. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின் பெரும்பகுதி அந்தக் காலத்தில் நடந்தது. வைஸ்ராய் லிட்டன் அறிக்கை அனுப்பியதும் இவருக்குத்தான். 1866-ல் இதே பதவிக்கு முதன்முறை வந்தபோது ஒரிசாவில் பஞ்சம். ஆரம்ப மாதங்களில் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஒரிசா ஆவணங்களில் அவர் ‘கிரான்போர்ன்’, சென்னை ஆவணங்களில் ‘சால்ஸ்பரி’.