பக்கத்து வீட்டில் ஆறு கதவுகள்

கேள்வி: எங்கள் தெருவில் எல்லாமே தனி வீடுகள். பக்கத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியர் காலமான பிறகு, அவர்களுடைய மகன் அந்த வீட்டை ஆறு ஃபிளாட்டுகளாகப் பிரிக்க அனுமதி கேட்டிருக்கிறார். பின்பக்கம் மாடியும் எழுப்பப் போகிறாராம். ‘குடும்பங்கள் வாழும் தெருவின் அமைதி கெடும், வீடுகளின் மதிப்பு சரியும், கண்டவர்களும் வந்து போவார்கள்’ என்று ஒரு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். அன்று இரவே என் மகள், ‘அம்மா, வாடகைக்கு வீடு கிடைக்காமல் நான் அலைந்துகொண்டிருக்கிறேன். எனக்கு எதிராகத்தான் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய்’ என்று சண்டை போட்டாள். இன்னும் மூன்று வாரத்தில் விசாரணை. நான் அங்கே போய் என்ன பேசுவது?
– பெயரும் ஊரும் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மனுவின் வாசகத்தை அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு வரிகூட அந்தக் கட்டடத்தைப் பற்றியது இல்லை. வரப்போகிறவர்களைப் பற்றிய பயம் இருக்கிறது, விற்றால் கிடைக்கும் விலையைப் பற்றிய கவலை இருக்கிறது. பின்பக்கம் எழும் மாடி எவ்வளவு உயரம், அதன் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று கையெழுத்துப் போட்ட யாருக்காவது தெரியுமா? உங்களுக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன், தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

உங்கள் தெருக்காரர்களின் வாதம் புதிதல்ல. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை ஒட்டி யூக்ளிட் என்று ஓர் ஊர் இருக்கிறது. எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று அந்த ஊர் வகுத்த மண்டல விதிகள் செல்லும் என்று 1926-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம். தன் நிலத்தைத் தொழிற்சாலைகளுக்கு விற்க முடியாமல் போகிறதே என்பது அதன் முறையீடு. ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாண்ட், போகிற போக்கில், தனி வீடுகள் உள்ள பகுதியில் அடுக்குமாடிக் கட்டடம் வெறும் ஒட்டுண்ணி என்று எழுதி வைத்தார். யாரோ தொடுத்த வழக்கில் அடுக்குமாடி வசை வாங்கிக்கொண்டது.

அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1917-இல், இன்னாருடைய தெருவில் இன்னார் குடியேறக் கூடாது என்று நிறத்தை வைத்துத் தடுத்த லூயிவில் நகரின் சட்டத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. நிறத்தைச் சொல்லித் தடுக்க முடியாமல் போன பல ஊர்களில், வீட்டின் வகையைச் சொல்லித் தடுக்க முடிந்தது. ‘கண்டவர்களும்’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். அந்த எண்ணத்தோடு நீங்கள் கையெழுத்திடவில்லை என்று நம்புகிறேன். ஆனால் காகிதத்தில் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் உங்கள் பெயர் இருக்கிறது.

மண்டல விதிகளே கெட்டவை என்று சொல்ல வரவில்லை. 1915-இல் நியூயார்க்கில் ஈக்விட்டபிள் கட்டடம் தெருவோரத்திலிருந்து நேராக முப்பத்தெட்டு மாடிக்கு எழுந்து நின்றபோது, அதன் நிழலில் சுற்றியிருந்த கட்டடங்கள் வெயில் பார்க்காமல் போயின. மறு ஆண்டே அந்த நகரம், உயரம் கூடக் கூடக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. உங்களுக்குப் பேச உரிமையுள்ள இடம் இதுதான். வெளிச்சம், காற்று, பார்வை, சாக்கடை, நெருப்பு.

ஆகவே நாளைக்கே உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய் அந்த விண்ணப்பக் கோப்பைப் பாருங்கள். விசாரணை வைக்கிறார்கள் என்றால் வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மகன் கேட்பது விதிக்கு உட்பட்ட அனுமதியா, விதித்தளர்வா என்பதை. விதிக்கு உட்பட்டது என்றால் தெருவே திரண்டு போனாலும் நிறுத்துவது கடினம். நிபந்தனைகளைத்தான் கேட்டு வாங்க முடியும். தளர்வு என்றால், ஏன் தளர்த்த வேண்டும் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. நிலத்தின் அமைப்பால் வரும் இடைஞ்சலைத்தான் பொதுவாகக் காரணமாக ஏற்பார்கள். ஆறாகப் பிரித்தால்தான் கட்டுப்படியாகும் என்பது அவருடைய கணக்கு. நிலத்தின் குறை அல்ல.

வரைபடம் கைக்கு வந்ததும் ஒன்று செய்யுங்கள். உங்கள் மகள் அந்த ஆறில் ஒரு ஃபிளாட்டில் குடியேறப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.

மாடியில் இருப்பவள் நெருப்பு பிடித்தால் எந்த வழியாக இறங்குவாள்? ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய மரப்படிக்கட்டு ஒன்றுதான் எல்லோருக்கும் வழியா? ஒரு ஃபிளாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது நெருப்பைத் தாங்கும் சுவரா, அறையைப் பிரிக்க வைத்த பலகையா? அவளுடைய அறை எவ்வளவு பெரியது? இங்கிலாந்தில் 2015-இல் வகுத்த அளவுகோலின்படி, ஒருவர் மட்டும் வசிக்கும் ஃபிளாட்டுக்குக் குறைந்தது 37 சதுர மீட்டர் வேண்டும். உங்கள் ஊரின் அளவு வேறாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு, வரைபடத்தில் உள்ள ஆறு எண்களையும் அதனோடு ஒப்பிடுங்கள். ஆறு என்பது நாலாகக் குறைய வேண்டும் என்று நீங்கள் வாதாடுவதானால் அதற்கான ஆதாரம் இங்கேதான் கிடைக்கும். ஆறு சமையலறைகளின், ஆறு குளியலறைகளின் கழிவு ஒரு குடும்பத்துக்காகப் போட்ட குழாயில் இறங்கினால் அது முதலில் பொங்கி வெளியே வரும் இடம் அவள் வீட்டுத் தரைத்தளம், அடுத்தது உங்கள் வாசல். மகளுக்குக் கெடுதல் செய்யும் குறைகள் பெரும்பாலும் உங்களுக்கும் கெடுதல் செய்பவை. அவளிடம் இந்தக் கோணத்தில் பேசிப் பாருங்கள், சண்டை பாதி குறையும்.

இருவருக்கும் ஒத்துப்போகாத ஓர் இடம் உண்டு: ஜன்னல். அவளுக்கு வெளிச்சம் வேண்டும், உங்களுக்கு மறைவு வேண்டும். இதற்கு அனுமதி தரும் அலுவலகங்களிடம் பழகிய தீர்வு இருக்கிறது. பக்கத்து வீட்டைப் பார்த்திருக்கும் மாடி ஜன்னலில், அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரம் வரை உருவம் தெரியாத கண்ணாடி போட வேண்டும், அந்தப் பகுதி திறக்கவும் கூடாது என்று இங்கிலாந்தில் நிபந்தனை விதிப்பது சகஜம். வெளிச்சம் உள்ளே வரும், பார்வை வெளியே போகாது. பின்பக்க மாடியின் நிழலைப் பற்றிய பயம் இருந்தால், உங்கள் ஜன்னலின் நடுவிலிருந்து 45 டிகிரிக் கோடு ஒன்றை வரைபடத்தில் இழுத்துப் பாருங்கள். புதுச் சுவர் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால், உங்கள் வெளிச்சத்தில் கைவைக்கிறது என்று சொல்ல உங்களுக்கு முகாந்திரம் இருக்கிறது. பென்சிலும் ஸ்கேலும் போதும்.

வீட்டு மதிப்பு சரியும் என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். இங்கிலாந்தின் திட்டமிடல் முறையில் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மற்ற ஊர்களிலும், ஆதாரமில்லாமல் சொன்னால் அதிகாரி குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். முன்பொரு முறை இப்படியொரு விசாரணையில் பார்வையாளனாக உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு பேர் ஒரே மனுவை மாற்றி மாற்றிப் படித்தார்கள். பன்னிரண்டாவதாக வந்த பெண்மணி குப்பைத் தொட்டிகளை எங்கே வைப்பார்கள் என்று கேட்டார். வரைபடத்தில் அதற்கு இடமே விடவில்லை. அன்று எழுதிக்கொள்ளப்பட்டது அந்த ஒரு கேள்விதான்.

கார் நிறுத்தும் பிரச்சினை உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் யாராவது கிளப்புவார்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல், கட்டடத்துக்கு இத்தனை கார் இடம் கட்டாயம் என்ற விதியையே எடுத்துவிட்டது. ஆகவே ‘ஆறு வீடு, ஆறு கார்’ என்ற வாய்ப்பாடு எல்லா இடத்திலும் எடுபடாது. ஒரு வாரம் இரவு பத்து மணிக்குத் தெருவில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு பேசினால் எடுபடும். எண்ணிப் பார்த்தால் இடம் தாராளமாக இருப்பதும் தெரியவரலாம். அப்படியானால் வாயைத் திறக்காதீர்கள்.

தெருவின் பழைய பத்திரங்களையும் ஒரு முறை புரட்டச் சொல்லுங்கள். மனையைப் பிரித்து விற்றவர்களே ‘ஒரு மனைக்கு ஒரு வீடு’ என்று நிபந்தனை எழுதியிருக்கக்கூடும். மண்டல விதியே இல்லாத பெருநகரம் என்று பேசப்படும் ஹூஸ்டனில் பல குடியிருப்புகள் அப்படிப்பட்ட பத்திர நிபந்தனைகளால்தான் மாறாமல் இருக்கின்றன. ஆனால் அது உள்ளாட்சி விசாரணையில் பேசுவதற்குரியது அல்ல, வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது. அந்த நிபந்தனை உங்கள் வீட்டையும் கட்டும் என்பதை மறக்க வேண்டாம். மகளுக்காக மாடியில் தனிச் சமையலறையோடு ஒரு பகுதி எடுக்கலாமா என்ற யோசனை என்றாவது வந்தால், இன்று நீங்கள் பேசியதையே அன்று உங்களுக்கு எதிராகப் படிப்பார்கள்.

என் சொந்த அபிப்பிராயத்தை மறைக்கவில்லை: அந்த வீடு பிரிக்கப்படுவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். மினியாபொலிஸ் நகர மன்றம் 2018 டிசம்பரில், தனி வீடு மட்டுமே என்றிருந்த மனைகளிலும் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதிப்பதென்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே ஆரிகன் மாநிலம், பெரிய நகரங்களில் நான்கு வரை அனுமதிக்கச் சட்டம் இயற்றியது. ஒரு தலைமுறைக்கு முன்பு இப்படி யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் பழைய வீட்டில் ஆறு என்பது எனக்கு நெருடுகிறது. வரைபடம் வேறு மாதிரி சொன்னால் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

விசாரணைக்கு முன்னால் அந்த மகனை ஒரு முறை பாருங்கள். அவருடைய பெற்றோரை உங்களுக்குத் தெரியும்; அவருடைய வீட்டில் போய் உட்கார உங்களுக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடி, குழாய், குப்பைத் தொட்டி ஆகிய மூன்றையும் அவரே திருத்தி வரைபடத்தை மறுபடி கொடுத்துவிட்டால், விசாரணையில் நீங்கள் பேச வேண்டியதே இராது.

கையெழுத்து பற்றி: திரும்பப் பெற முடியும். மனுவைத் தயாரித்தவர்களிடம் கேட்காதீர்கள், மனஸ்தாபம்தான் மிஞ்சும். விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, ‘கூட்டு மனுவில் உள்ள என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், என் தனிப்பட்ட ஆட்சேபணைகளை இத்துடன் இணைத்திருக்கிறேன்’ என்று அலுவலகத்துக்கு நேராக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்துமூலமான ஆட்சேபணைகளுக்கான கெடு விசாரணைத் தேதிக்கு முன்பே முடிந்துவிடுவது வழக்கம். மூன்று வாரம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.