ஏஎஸ்/400 (ஐபிஎம்மின் வணிகக் கணினி) திரையில் தொகை டைப் செய்யும் கட்டத்துக்கு எடிட் கோட் (எண்ணைக் காற்புள்ளி, தசமப்புள்ளியோடு காட்டச் சொல்லும் குறியீடு) போடலாமா? காற்புள்ளியும் சேர்ந்து ஃபைலுக்குள் போய்விடாதா?

தாராளமாகப் போடலாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தின் சம்பளத் திரைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெயர் ஐபிஎம் ஐ என்று மாறியும், இங்கே எல்லார் வாயிலும் இன்னும் ஏஎஸ்/400தான்.

காற்புள்ளி உள்ளே போகாது. டிடிஎஸ்ஸில் (திரை அமைப்பை எழுதும் மொழி) கட்டத்தை ‘பி’ (காட்டவும் வாங்கவும்) என்று கொடுத்து, அந்த வரியின் 35ஆம் இடத்தில் ‘ஒய்’ (எண் மட்டும்) போடுங்கள். காட்டும்போது காற்புள்ளி வரும். திரும்ப வாங்கும்போது சிஸ்டமே அதை உதறிவிட்டு வெறும் எண்ணை ஆர்பிஜி மொழியில் எழுதிய புரோகிராமிடம் கொடுக்கும். ‘ஐ’ (வாங்க மட்டும்) என்று கொடுத்த கட்டத்துக்கு எடிட் கோட் செல்லாது.

வம்பு வருவது கட்டத்தில் ஏற்கெனவே நிற்கும் பழைய தொகையால். 7 இலக்கம், அதில் 2 தசமம், எடிட் கோட் 1 என்று வைத்துக்கொள்வோம். திரையில் 12,500.00 நிற்கிறது. கிராணி (எழுத்தர்) அதை 13 வெள்ளியாக்க நினைத்து, 13 என்று அடித்து நேரே என்டரைத் தட்டுகிறார். முதல் இரண்டு எழுத்துதான் மாறும். மிச்சம் அப்படியே ஒட்டிக்கொண்டு 13,500.00 பதிவாகும். பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் அது முறையான எண்தானே! ஃபீல்டு எக்ஸிட் விசையை அழுத்தியிருந்தால் கர்சருக்கு வலப்பக்கம் இருப்பது அழிந்திருக்கும். சம்பள நாள் அவசரத்தில் யார் அதை அழுத்துகிறார்கள்?

அதனால் என் வழக்கம் இது: பழைய தொகையை எடிட் கோட் 1 போட்டு, காட்ட மட்டும் ஒரு கட்டம். பக்கத்தில் புதுத் தொகைக்குத் தனிக் கட்டம், அதற்கு எடிட் கோட் 2. திரையைக் காட்டுமுன் புரோகிராமில் அதைப் பூஜ்யமாக்கிவிடுவேன். 2 போட்டால் பூஜ்யம் வெறுமையாகத் தெரியும், ஒட்டிக்கொள்ள எதுவும் இருக்காது. பிடித்தம் மாதிரி கழித்தல் குறி வரக்கூடிய தொகைக்கு 2க்குப் பதில் ‘கே’. 1 முதல் 4 வரை உள்ளவை அந்தக் குறியைக் காட்டவே காட்டாது.

தேதி தனிக் கூத்து. 20250305 என்று சேமித்ததற்கு ‘ஒய்’ எடிட் கோட் போட்டால் 20/25/0305 என்று வரும். இப்படி நாலு இலக்க ஆண்டு முன்னால் இருந்தால் ‘டபிள்யூ’ போடுங்கள், 2025/03/05 என்று ஒழுங்காக வரும்.