சிமுலேஷனில் சாது, போர்டில் சண்டி: டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு இன்புட்டுகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். டிஎல்072 ஆப்-ஆம்ப் ஐசி, நான்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், கெயின் (பெருக்கம்) 1. சிமுலேஷனில் சுத்தமாக ஓடியது. பிரெட்போர்டில் இன்புட் கொடுக்காமலே அவுட்புட்டில் 600 கிலோஹெர்ட்ஸ் அலை அடிக்கிறது. ஐசி போலியாக இருக்குமோ?

ஐசி மேல் பழி போடும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். மைனஸ் பின்னிலிருந்து பார்த்தால் இரண்டு 100 கிலோ ஓமும் பக்க இணைப்பில் 50 கிலோ ஓம். ஐசியின் இன்புட், பிரெட்போர்டின் பக்கத்துப் பட்டைகள், வயர் எல்லாம் சேர்ந்து 10 பிகோ ஃபாரட் வந்துவிடும். நீங்கள் வரையாத அந்தக் கெப்பாசிட்டர் சிமுலேஷனுக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து சுமார் 320 கிலோஹெர்ட்ஸில் ஒரு போல், அதாவது அதற்கு மேல் சிக்னல் குறைந்து பின்தங்கத் தொடங்கும் இடம். 3 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்புக்கு இது ஃபீட்பேக் லூப் வேலை செய்யும் எல்லைக்கு நடுவிலேயே விழுகிறது. ஃபேஸ் மார்ஜின் (அலைவு தொடங்க இன்னும் எவ்வளவு இடைவெளி என்பது) 25 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மிச்சத்தை நீளமான சப்ளை வயர் முடித்து வைக்கும்.

நான்கையும் 10 கிலோ ஓமாக்குங்கள், அந்தப் போல் 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போய்விடும். மாற்ற முடியாதென்றால் ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 10 பிகோ ஃபாரட் வையுங்கள். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிளஸ் பின்னிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டருக்கும் அதே 10 பிகோ வேண்டும். இல்லாவிட்டால் அலைவு நிற்கும், ஆனால் ஃப்ரீக்வென்சி ஏற ஏற காமன் மோட் (இரண்டு இன்புட்டிலும் பொதுவாக வரும் சிக்னல்) கசியும்.

சிமுலேஷனில் சப்ளைக்கு உள் தடையே இல்லை. நிஜ வயரில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 1 நானோ ஹென்றி. எனவே இரண்டு சப்ளை பின்னிலிருந்தும் கிரவுண்டுக்கு 100 நானோ ஃபாரட் செராமிக், காலை ஒட்ட நறுக்கி, ஐசியை ஒட்டியே போடுங்கள். போர்டின் ஓரத்தில் போட்டால் போட்டதாகவே கணக்கில்லை.

கேள்வி: ஆசிலோஸ்கோப் புரோபை அவுட்புட்டில் வைத்தால்தான் அலைவு ஆரம்பிக்கிறது. எடுத்தால் நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புரோப் 1எக்ஸில் இருக்கிறதா? அப்படியானால் கேபிளோடு சேர்த்து 100 பிகோ ஃபாரட் அளவில் சுமை ஏற்றுகிறீர்கள். 10எக்ஸுக்கு மாற்றினால் பத்துப் பதினைந்தாகக் குறையும்; அலைவும் நின்றால் காரணம் புரோப்தான். பிறகும் நீண்ட கேபிளை ஓட்டப்போகிறீர்கள் என்றால், ஃபீட்பேக் எடுக்கும் புள்ளிக்குப் பிறகு 50 முதல் 100 ஓம் வரை தொடராகச் சேருங்கள்.

கேள்வி: சிமுலேஷனில் ஏசி அனாலிசிஸ் (ஃப்ரீக்வென்சிக்கு ஏற்ப கெயின்) கிராஃப் அச்சடித்தது போல வருகிறது. போர்டில் அவுட்புட் பாசிட்டிவ் சப்ளையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் பிளஸ், மைனஸ் பின்கள் இடம் மாறியிருக்கின்றனவா பாருங்கள். வரைபடத்திலேயே மாறியிருந்தாலும் ஏசி அனாலிசிஸ் வாய் திறக்காது. அது ஒரு டிசி நிலையைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி நேர்கோடாக்கிக் கணக்கிடுகிறது. அந்த நிலை மலை உச்சியில் நிறுத்திய பந்தா, பள்ளத்தில் கிடக்கும் பந்தா என்று அதற்குக் கவலையில்லை; பின்கள் மாறினாலும் கெயின் அதேதான் வரும். நேரப்படி ஓட்டும் டிரான்சியன்ட் சிமுலேஷனிலும் இரைச்சல் இல்லாததால் சில சமயம் அசையாமல் நின்றுவிடும். இன்புட்டில் 10 மில்லிவோல்ட் ஸ்டெப் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். மேலே எகிறி மணி அடித்தது போல ஆடி அடங்கினால் ஃபேஸ் மார்ஜின் போதாது. ஒரேயடியாகச் சப்ளை வரை ஓடினால் பின்கள் இடம் மாறியிருக்கின்றன.

கருத்துக்கு ஒன்று: ஏசி கிராஃப்பை மட்டும் காட்டி "சிமுலேஷனில் வேலை செய்தது" என்று சொன்னால் நான் நம்புவதில்லை.

கேள்வி: அலைவு இல்லை, ஆனால் இரண்டு இன்புட்டிலும் பொதுவாக வரும் ஹம் (மின் லைன் இரைச்சல்) அப்படியே வருகிறது. 1 சதவீத ரெசிஸ்டர்தான்.

அதுதான் காரணம். கெயின் 1-இல் நான்கும் மோசமான பக்கம் விலகினால் சிஎம்ஆர்ஆர் (காமன் மோடை ஒதுக்கும் திறன்) 34 டெசிபல்தான். 1 வோல்ட் ஹம்மில் 20 மில்லிவோல்ட் வெளியே வரும். 0.1 சதவீத ரெசிஸ்டரில் அது 54 டெசிபல்.

கேள்வி: டிஎல்072-க்குப் பதில் என்இ5534 ஆப்-ஆம்ப் போட்டால் சரியாகுமா?

கெயின் 1 டிஃபரன்ஷியலில் நாய்ஸ் கெயின் (ஆப்-ஆம்பின் பிளஸ் பின்னிலிருந்து அவுட்புட்டுக்குக் கிடைக்கும் கெயின்) 2. அலையாமல் நிற்க அந்த ஐசிக்குக் குறைந்தது 3 வேண்டும். பின் 5-க்கும் 8-க்கும் இடையே 22 பிகோ ஃபாரட் போடாமல் செருகாதீர்கள்.