சவுண்டரோடு ஜிபிஎஸ்சும் தேவையா? கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகள்

போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறது. ஒலி அனுப்பிக் கடலடியைத் திரையில் காட்டும் எக்கோ சவுண்டரில் அதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா? (தாழங்குடா, ஃபைபர் படகு, தூண்டில் தொழில்)

கரைக்கு வழி பார்க்க மட்டும் என்றால் வேண்டாம், போன் போதும். பார் (கடலடிப் பாறைத் திட்டு) தேடிப் போய் சங்கரா, கொடுவா பிடிப்பவர் என்றால் கட்டாயம் வாங்குங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் படகு நொடிக்கு இரண்டரை மீட்டர் போகும். திரையில் பார் தெரிந்ததும் ஈரக்கையைத் துடைத்து, உறையிலிருந்து போனை எடுத்து பாயிண்ட் போட (இடத்தைப் பதிய) 10 நொடி ஆனாலே 25 மீட்டர் தாண்டிவிடுவீர்கள். 30 மீட்டர் ஆழத்தில், 200 கிலோஹெர்ட்ஸில் 20 டிகிரி விரிவுள்ள ஒலி தரையில் விழும் வட்டத்தின் குறுக்களவு பத்தரை மீட்டர்தான். மறுநாள் அதே பாயிண்டில் நின்றால் அடியில் வெறும் சேறு தெரியும்.

ஜிபிஎஸ் சேர்ந்த சவுண்டரில், திரையில் ஓடும் படத்தோடு அந்தந்த நேரத்து இடமும் பதிவாகிறது. பெரும்பாலான மாடல்களில் கர்சரைப் பின்னுக்குத் தள்ளி, தாண்டிப்போன படத்தில் பார் எழும்பும் இடத்தில் வைத்து மார்க் கொடுக்கலாம். கூடுதல் காசு இதற்குத்தான். வாங்கும் முன் கடையில் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கடல் வரைபடம் வேறு, ஜிபிஎஸ் வேறு. கார்மின் ஸ்ட்ரைக்கர் போன்றவற்றில் ஜிபிஎஸ் உண்டு, விரிவான வரைபடம் கிடையாது. வெற்றுத் திரையில் உங்கள் தடமும் மார்க்குகளும் மட்டும் தெரியும். பார் தொழிலுக்கு அதுவே தாராளம். மத்தி, கானாங்கெளுத்திக் கூட்டத்தைத் துரத்தி வலை விடுகிறவருக்கோ இன்றைய மார்க் நாளைக்கு உதவாது. அவருக்கு ஜிபிஎஸ் இல்லாத சவுண்டர் போதும். ஜிபிஎஸ் இருந்தால், வலை கிழிக்கும் கல்லும் மூழ்கிய படகும் இருக்கும் இடங்களைக் குறித்து வைப்பது மட்டும்தான் அவருக்கு ஆதாயம்.

இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) மீன்வள அறிவிப்பில் வந்த இடத்தைப் போட்டேன். அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டுகிறது. கருவி பழுதா? (வீராம்பட்டினம்)

பழுது கருவியில் இருக்காது, எழுதும் முறையில் இருக்கும். அறிவிப்பு டிகிரி, நிமிடம், நொடி என்று வருகிறது. சவுண்டர்கள் பலவும் டிகிரி, அதன்பின் நிமிடத்தைப் புள்ளி வைத்துக் காட்டும். 11 டிகிரி 42 நிமிடம் 50 நொடியை நீங்கள் 42.500 என்று போட்டால் அது உண்மையில் 42 நிமிடம் 30 நொடி. இருபது நொடி வித்தியாசம் என்றால் 600 மீட்டருக்குச் சற்று மேல். நொடியை 60ஆல் வகுத்துப் போடுங்கள்: 50 நொடி என்றால் 0.833, ஆக 42.833. இல்லாவிட்டால் செட்டிங்கில் இட வடிவத்தையே டிகிரி-நிமிடம்-நொடிக்கு மாற்றிவிடுங்கள். பக்கத்துப் படகுக்காரர் தரும் பாயிண்டிலும் இதே குழப்பம் வரும். எந்த வடிவம் என்று கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அலையில் கரையேறும்போது பின்பலகையில் மாட்டிய டிரான்ஸ்டியூசர் (சவுண்டரின் ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி) உடைந்துவிட்டது. வேறு வழி? (தேவனாம்பட்டினம்)

மணலில் இழுத்தேற்றும் படகுக்குப் பின்பலகை தோதான இடமில்லை. உள்ளே, அடித்தட்டில் ஒட்டிவிடலாம். ஒலி ஃபைபரைத் துளைத்துப் போகும், ஆனால் இடையில் நுரையோ மரமோ காற்றோ இருந்தால் நின்றுவிடும். அதனால் முதலில் சோதனை: படகைத் தண்ணீரில் நிறுத்தி, ஒட்டப்போகும் இடத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, டிரான்ஸ்டியூசரை அதில் அழுத்திப் பிடியுங்கள். படகுக்கு வெளியே பிடித்தபோது வந்த ஆழமே வந்தால் இடம் சரி.

பிறகு பெயிண்ட்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்துக் காயவிடுங்கள். மெதுவாக இறுகும் இரு-டப்பா எபாக்சியைத் தாராளமாக ஊற்றி, டிரான்ஸ்டியூசரைத் திருகித் திருகி அமுக்குங்கள். ஒரு காற்றுக்குமிழி மாட்டினாலும் படம் மங்கும். சிலிக்கான் பசை வேண்டாம், ஒலியைத் தின்றுவிடும். ஒரு நாள் காயவிடுங்கள். எட்டும் ஆழம் கொஞ்சம் குறையும். வெப்பநிலை கடலுடையதாக இராது, படகின் அடித்தட்டுடையதாக வரும். பக்கவாட்டையும் நேர்கீழேயும் படம்போல் காட்டும் சைடு ஸ்கேன், டவுன் ஸ்கேன் இந்த முறையில் வேலை செய்யாது. அவை வேண்டுமென்றால் குழாயில் கட்டிப் பக்கவாட்டில் இறக்கி, கரை நெருங்குமுன் தூக்கிவிடுங்கள்.

இன்ஜினை நிறுத்தினால் திரையில் படகுக் குறி சுற்றுகிறது. (நல்லவாடு)

ஜிபிஎஸ்சுக்குப் படகின் மூக்கு எங்கே பார்க்கிறது என்று தெரியாது. நகரும் திசை மட்டுமே தெரியும். நின்றால் சில மீட்டர் பிழையையே நகர்வு என்று எடுத்துக்கொண்டு சுற்றும். நீவாட்டில் (கடல் நீரோட்டத்தில்) படகு இழுபடும்போது குறி காட்டுவது இழுபடும் திசையை. காம்பஸைக் கழற்றி வீட்டில் வைக்காதீர்கள்.

ஸ்டார்ட் அடிக்கும்போதெல்லாம் செட் அணைந்து எரிகிறது. (கடலூர் முதுநகர்)

ஸ்டார்ட்டர் மோட்டார் மின்சாரத்தை இழுக்கும் அந்த நொடியில் 12 வோல்ட் சரிகிறது. தனிச் சின்ன பேட்டரி கொடுப்பதே நல்லது. முடியாவிட்டால் ஒயரை நேராகப் பேட்டரி முனைக்கே கொண்டுபோங்கள். பாசிட்டிவ் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, கையேடு சொல்லும் அளவு ஃபியூஸ் போடுங்கள். முனையில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி, வாசலின் தடவுங்கள்.

இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அது கரைக்கும் படகுக்கும் நடுவே செய்தியும் ஆபத்து அழைப்பும் அனுப்ப. அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டும் படகில் இருக்கட்டும்.

செட்டுக்குள் உப்புத்தண்ணீர் போய் மார்க் எல்லாம் அழிந்தது. மீட்கலாமா?

மெமரி போயிருந்தால் முடியாது. புது செட்டில் கார்டு போடும் வசதி இருந்தால் மாதம் ஒருமுறை நகல் எடுங்கள். அதோடு ஒரு நோட்டில் பாயிண்ட், எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழம், கல்லா சேறா, எந்த வடிவத்தில் எழுதியது என்று நான்கையும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி வையுங்கள். இங்க் பேனா எழுத்து நனைந்தால் பரவிவிடும்.